கேசட்டில் சொல்லாதது

எனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது என் மாமியார்தான். ஊரை ஏமாற்றும் பொய் இல்லை. துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் கவுஸுக்குக் கேசட் பேசும்போது மட்டும் சொல்கிற பொய்.

லெப்பைக்குடிக்காட்டில் அப்போது, தொண்ணூற்றெட்டில், தெருவுக்குப் பத்து வீட்டில் ஆம்பளை கிடையாது. எல்லாம் சபர் போன, வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன ஆட்கள். போன் பேசினால் மூன்று நிமிஷத்தில் காசு தீர்ந்துவிடும். சலாம் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகும். கடுதாசி எழுத உட்கார்ந்தால் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது. அதனால் கேசட். லீவு முடிந்து யாராவது துபாய்க்குத் திரும்பினால் அவர் பெட்டியில் அப்பளம், ஊறுகாயோடு எங்கள் குரலும் போகும். அவர் குரல் அதே மாதிரி இங்கே வரும்.

கேசட்டில் ஒரு தொந்தரவு உண்டு. அதைத் தனியாகக் கேட்க முடியாது. இங்கே மாமி, நாத்தனார், கொழுந்தன், பக்கத்து வீடு என்று மொத்தக் கூட்டமும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்காரும். அங்கேயும் அதே கதைதான். ஒரே ரூமில் நம்மூர் ஆட்கள் எட்டுப் பேர். எந்த வீட்டுக் கேசட் வந்தாலும் எட்டுப் பேரும் கேட்பார்கள். அப்புறம் பெண்டாட்டி புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? "நல்லா இருக்கீங்களா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவள் மாதிரி பேசிவிட்டு எழுந்துவிடுவேன்.

மாமியின் சட்டம் ஒன்றே ஒன்று. கேசட்டில் கெட்ட சேதி கூடாது. "அவன் அங்கேருந்து ஓடியா வரப்போறான்? ராத்திரி தூக்கம் கெட்டுக் கெடப்பான். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லு" என்பார்.

நானும் சொன்னேன். ஐப்பசி மழையில் அடுப்படியின் பின் சுவர் சரிந்து விழுந்தது. கேசட்டில், "இந்த வருஷம் மழ நல்லா பேஞ்சிச்சு" என்றோம். மாமி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் நல்லா நடமாடிக்கிட்டு இருக்கேன்" என்று பேசினார். கையால் யார் நடக்கிறார்கள்? அதனால் அது பொய்யும் இல்லை. என் மகள் ஃபைஸாவுக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் மோர்ச்சோறு கொடுத்துக்கொண்டிருந்தேன். "பிள்ள மாம்பழமாட்டம் இருக்கா" என்று நானே சொன்னேன். கண்ணெல்லாம் மாம்பழ நிறம்தான். இதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதேன்.

அவர் போகும்போது ஃபைஸா என் வயிற்றில் ஐந்து மாதம். இரண்டாம் வருஷம் வரவேண்டிய லீவை, தங்கச்சி கல்யாணச் செலவுக்காக வராமல் விட்டுக்கொடுத்தார். பிள்ளைக்கு இப்போது மூன்றரை வயது முடிந்துவிட்டது. அத்தா முகத்தை அவள் போட்டோவில் பார்த்ததுதான்.

அந்த மாசி மாதம், அவர் ரூமில் இருக்கும் முகமது அனஸ் லீவில் வந்தார். எங்கள் பின்தெருக்காரர். வந்த அன்றைக்கே கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் பேர் பேராக சலாம் சொன்ன பிறகு அவர் குரல் கொஞ்சம் தெம்பாக வந்தது.

"ஒங்க கேசட்டக் கேட்டாலே மனசுக்கு நிம்மதியா இருக்கு. நான் இல்லாட்டியும் அங்க எல்லாம் நல்லபடியா நடக்குது. முதலாளி இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாரு. போட்டுடலாம்னு இருக்கேன். டவுன்ல ஒரு மனை வாங்கிடலாம். அனஸ் திரும்பி வரும்போது ஒங்க அபிப்பிராயத்தச் சொல்லி அனுப்புங்க."

"மாஷா அல்லாஹ், நல்ல யோசனைதான்" என்றான் கொழுந்தன். நாத்தனார் தலையாட்டினாள். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? குறை ஒன்றும் இல்லை, குறை ஒன்றும் இல்லை என்று நாலு வருஷமாக ஓதியவள் நான். அந்த மனுஷன் அதை நம்பிவிட்டார், அவ்வளவுதான். என் வாயாலேயே என் புருஷனை இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கே கட்டிப்போட்டிருக்கிறேன்.

மறுநாள் அனஸ் வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் பிஸ்தாவும் கொடுத்துவிட அழைத்தார்கள். ஃபைஸாவையும் கூட்டிப்போனேன். அனஸ் மகள் அஸ்ரினும் இவளும் ஒரே வயசு. அத்தா மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று அஸ்ரின் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஃபைஸா தூரத்தில் நின்று அவரையே மேலும் கீழும் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் என் புர்காவைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அஸ்ரினோட அத்தாவுக்குக் காலெல்லாம் இருக்கு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் விளங்கியது. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது நெஞ்சு வரைக்கும் எடுத்த போட்டோ. அத்தா என்றால் ஒரு தலை, இரண்டு தோள், டேப் ரெக்கார்டரில் வரும் ஒரு குரல். அவ்வளவுதான் என்று என் பிள்ளை நினைத்திருக்கிறாள். இதற்கு மேல் நான் பொய் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அனஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பாய் விரித்து டேப்பை வைத்தோம். கொழுந்தன் கடைக்குப் போயிருந்தான், நாத்தனார் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியும் நானும் மட்டும்தான். மாமி முதலில் வழக்கம்போல, "நாங்க எல்லாரும் சொகம், நீ ஒடம்பப் பாத்துக்க" என்று முடித்துவிட்டு டேப்பை என் பக்கம் தள்ளினார். மாமி முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். பேசறதுக்கு ஒண்ணுமில்லன்னு எப்பவும் சுருக்கா முடிச்சிடுவேன். இன்னிக்கு இருக்கு. காலையிலேருந்து இங்க என்னா நடக்குதுன்னு வரிசையாச் சொல்றேன், கேளுங்க. ஃபஜ்ரு பாங்கு முடியறதுக்குள்ள தெருக்கொழாயில கொடம் வரிசை கட்டிடும். தண்ணி ஒரு மணி நேரந்தான், அதுவும் நூலாட்டம் வரும். எட்டுக் கொடமும் நான்தான் தூக்கணும். மாமிக்குக் கை ஆவாது. ஏன் ஆவாதுன்னு பொறவு சொல்றேன்.

"எறையூரு சக்கர மில்லு ஓடுது இப்ப. கரும்பு டிராக்டருங்க ரோட்ட அடைச்சிக்கிட்டுப் போவுது, பெரம்பலூரு பஸ்ஸு பின்னாடியே ஊந்துக்கிட்டுப் போவுது. போன வாரம் ஃபைஸாவ டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எறையூரு தாண்டும்போது பாகு வாசன மூக்கத் தொளைச்சிச்சு. அவளுக்கு அது புடிச்சிப்போயி, 'இன்னொரு வாட்டி பஸ்ஸுல போவலாம்'ங்கறா. ஆஸ்பத்திரிக்கு ஏன் போனோம்னு கேப்பீங்க. அவளுக்குக் காமாலை வந்துச்சு மச்சான். இப்பத் தேவல, மறுபடி காட்டிட்டு வரத்தான் போனோம். மாம்பழமாட்டம் இருக்கான்னு சொன்னனே, அப்பதான் காமாலை.

"ஒம்பது மணிக்கு மோர்க்காரம்மா அமிர்தவல்லி வருவாங்க. 'சாகிரா, வூட்டுக்காரரு எப்ப வர்றாரு?'ன்னு கேக்காம ஒரு நாளும் மோரு ஊத்தமாட்டாங்க. நானும் வருவாரு, வருவாருன்னு சொல்லுவேன். இப்ப அவங்க கேக்கறதையே வுட்டுட்டாங்க. கேட்டாக்கூட பரவால்ல. ஒண்ணும் கேக்காம ஊத்திட்டு, என் மொகத்தப் பாத்துட்டுப் போறாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

"சாயங்காலம் பிள்ளைங்களோட வெள்ளாத்துக்குப் போவோம். தண்ணி வத்தி ஒரு ஓரமா கணுக்கால் அளவு ஓடுது. நீங்க நீச்சலடிச்ச மடுவுல இப்ப மணலு மூடிக் கெடக்கு. அந்தாண்டக் கரையில திட்டக்குடி வெளக்கு எரியற வரைக்கும் ஒக்காந்திருப்போம். அனஸு தம்பி அஸ்ரினத் தோள்ல தூக்கிக்கிட்டு வருவாரு. நம்ம பிள்ள அவரு பின்னாடியே நடக்குது."

ஃபைஸா தெருவில் கேட்டதையும் சொன்னேன். அடுப்படிச் சுவர் சரிந்ததையும், தென்னங்கீற்று வைத்து மறைத்திருப்பதையும், மாமியின் கை உடைந்ததையும் சொன்னேன். "வருசக் கணக்கா நாங்க சொன்னதெல்லாம் பொய்யி. நீங்க இல்லாம இங்க எதுவும் நல்லா நடக்கல. ரூம்ல எட்டு பேரும் கேப்பாங்கன்னு தெரியும். கேக்கட்டும். எனக்கு மனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க வேணும்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். மாமியின் இடது கை டேப் பக்கம் நீண்டது. நிறுத்தப்போகிறார், அழித்துவிட்டு முதலிலிருந்து பேசச் சொல்வார் என்று நினைத்தேன். சண்டை போடவும் தயாராகத்தான் இருந்தேன். மாமி டேப்பை நிறுத்தவில்லை. தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

"கவுசு, ஒம் பொண்டாட்டி சொன்னதெல்லாம் நெசம். சொல்லாதேன்னு அவ வாய அடைச்சது நான்தான். ஒங்கத்தா மலேயாவுல இருந்தப்ப நானும் இப்படித்தான் எழுதுனேன், எல்லாம் சொகம் எல்லாம் சொகம்னு. பதினோரு வருசம் அவரு நிம்மதியா இருந்தாரு." மாமி உடைந்த கையைத் தடவிக்கொண்டார். ரீல் ஓடிக்கொண்டேயிருந்தது. "கை ராவுல வலிக்குதுடா. நீ வா."

அப்புறம் அவரே பொத்தானை அழுத்தி நிறுத்தினார். "போ, உலை கொதிக்குது" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் எந்த மனுஷியைக் கல் நெஞ்சு என்று திட்டிக்கொண்டிருந்தேனோ, அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தைரியம் வரவில்லை. அரிசியைக் களையப் போய்விட்டேன்.

அனஸ் கிளம்பிப் போன பிறகுதான் பயம் வந்தது. எட்டு ஆம்பளைகள் முன்னால் "நீங்க வேணும்" என்று பேசியிருக்கிறேன். ஊருக்குள் இது பரவினால் என்ன ஆகும்? அவர் கோபித்துக்கொண்டு, மானத்தை வாங்கிவிட்டாளே என்று வேண்டுமென்றே கையெழுத்துப் போட்டுவிட்டால்? போன் வரவில்லை. கேசட்டும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஓடியது. மாமியும் நானும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொழுந்தன் மட்டும், "அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பாரு" என்று அவ்வப்போது சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான்.

இருபத்தோராம் நாள் துபாயிலிருந்து அடுத்த தெரு ஆகிப் வந்தார். தம்பி கல்யாணத்துக்கு ஒரு வார லீவாம். கையில் கேசட். அன்றைக்கு நாத்தனார் உட்பட எல்லாரும் இருந்தார்கள். தனியாகக் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது? போட்டோம்.

வந்தது அவர் குரல் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். மாமி, சாகிராக்கா, நான் அனஸ் பேசுறேன். பயப்படாதீங்க, அண்ணன் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு. வாயத் தொறந்தா தொண்ட அடைச்சிக்குது. மூணு தரம் அழிச்சி அழிச்சி எடுத்துட்டோம். அதனால என்னையப் பேசச் சொல்லிட்டாரு. கையெழுத்துப் போடல. முதலாளிக்கிட்ட சொல்லியாச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள வந்துடுவாரு. பெரம்பலூர்ல சின்னதா ஒரு கடை போட்டுக்கலாம்னு சொல்றாரு.

"இன்னொண்ணு அக்கா. ஒங்க கேசட்ட எட்டு பேரும் கேட்டோம். அன்னிக்கு ராத்திரி ஆக்குன சோறு அப்படியே கெடந்துச்சு. மறுநாள் ஆளாளுக்கு வூட்டுக்குப் போனப் போட்டு, 'உண்மையச் சொல்லு, அங்க என்னா நடக்குது'ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப எட்டு வூட்லயும் சண்ட. எல்லாம் ஒங்களாலதான்னு எல்லாரும் சொல்றாங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். "சரி, அண்ணன் ஒரு வார்த்த பேசுறாராம்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சாகிரா" என்றார். "வரேன்."

அவ்வளவுதான் இருந்தது கேசட்டில். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் எழுந்து வெளியே போனான். மாமி, "திரும்பப் போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடு என்றார். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது, பொத்தான் தெரியவில்லை. மாமியே தடவிப் போட்டுக்கொண்டார். நான் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லை.

ஆகிப் திரும்பிப் போகும் நாளில், "கேசட் ஏதாவது இருக்காக்கா?" என்று வாசலில் வந்து கேட்டார். இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு புதுக் கேசட்டை எடுத்து, "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் பேசிக் கொடுத்தனுப்பினேன். பாக்கிக் கேசட் பூராவும் காலிதான். மீதியெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.