தேவகிக்குக் கொடுத்த டி.சி.

பள்ளி மாணவிகளின் கர்ப்பம் பற்றி ஆய்வு செய்த முபீனா, 2006இல் கும்மிடிப்பூண்டி அருகே ஒரு பள்ளிக்குப் போனாள். பதிவேட்டில் பத்தாம் வகுப்பு தேவகி 'சொந்த விருப்பத்தில் நின்றார்' என்றிருந்தது.

"மாசமாயிட்சிம்மா. மத்த பொண்ணுங்க கெட்டுடும்னு டி.சி. குடுத்துட்டோம்" என்றார் தலைமையாசிரியர்.

"காரணமான பையன்?"

"நல்லாப் படிக்கிறவன். பரீட்சை வருதுல்ல?" சிரித்தபடி டீயை நகர்த்தினார்.

முபீனா டீயைத் தொடாமல் எழுந்தாள்.

தேவகியின் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா வாசலிலேயே மறித்தாள். "எழுதிக்கினு போய் இன்னாம்மா பண்ணப் போற?"

கையிலிருந்த ஆய்வுக் கேள்வித்தாளைப் பார்க்கவே முபீனாவுக்கு அருவருப்பாக இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தாள்.

"தேவகி ஸ்கூலுக்குப் போகாமலே தனியாப் பரீட்சை எழுதலாம்மா. ஃபாரம் நான் வாங்கியாறேன்."

மறுவாரம் வாங்கி வந்தாள். வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தேவகி கையெழுத்திட்டாள்.