பின் விளக்குக்கு ஒரு சுவிட்ச்

பஸ் டெப்போவில் அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியன் என்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் இல்லை. எதையும் யாரையும் தொட்டுச் சோதிக்காமல் நம்பமாட்டார் என்பதால் வைத்த பெயர். பால்காரர் தானாக வந்து ‘இன்னைக்குப் பால் நல்லா இருக்கும் சார்’ என்றால், இவன் ஏன் இதைச் சொல்கிறான் என்று யோசிக்கிற ஆசாமி. ரிட்டயர் ஆனபிறகு சோதிக்கப் பஸ் இல்லாமல் போயிற்று. மனிதர்கள்தான் மிச்சம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக மகளும் மாப்பிள்ளையும் தங்க வந்தார்கள். வந்தது மாப்பிள்ளையின் பழைய மோட்டார் சைக்கிளில். ஹெட்லைட் அழுது வடிந்தது. ஸ்பீடோமீட்டருக்குள் வெளிச்சம் கிடையாது. சார்ஜ் காட்டுகிற மீட்டரில் முள் செத்துக் கிடந்தது.

“என் பொண்ணு உட்கார்ந்து போற வண்டி. மொத்த வயரையும் உருவிட்டுப் புதுசாப் போட்டுடறேன்” என்று டெஸ்டர் மறுநாள் காலையிலேயே வீட்டு முன்புறத்தில் சாக்கை விரித்துவிட்டார்.

“வந்த மனுஷனை ரெண்டு வார்த்தை பேசிச் சிரிக்க விடுங்களேன். அதுக்குள்ள வண்டியைப் பிரிச்சுப் போடணுமா?” என்றாள் மனைவி, கீரையை ஆய்ந்துகொண்டே.

“நீ உன் வேலையைப் பாரு.”

ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றியதும் வயர்கள் குடல் மாதிரி வெளியே சரிந்தன. சிவப்பு எது, பழுப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாக வெளுத்திருந்தன. இடுக்கில் எலி கடித்த தடம்கூட இருந்தது. டெஸ்டர் ஒவ்வொரு வயராகப் பிடித்து அது எங்கே போகிறது என்று பார்த்துத் துண்டுத்துணியால் அடையாளம் கட்டிக்கொண்டே வந்தார். பின் விளக்குக்குப் போகிற வயர் டேங்குக்கு அடியில் ஒழுங்காகத்தான் போனது. சீட்டுக்குக் கீழே வந்ததும் வழிமாறி, டூல் பாக்ஸுக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது.

டெஸ்டருக்கு மூக்கு வியர்த்தது.

டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனர்களை அள்ளி வெளியே வைத்துவிட்டுக் கையை விட்டுத் துழாவினார். மூலையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கட்டைவிரல் நகமளவு ஒரு சுவிட்ச். அதை ஒரு தட்டுத் தட்டினார். பின் விளக்கு அணைந்தது. பிரேக்கை மிதித்தார். பிரேக் விளக்கும் எரியவில்லை. முன்னால் ஹெட்லைட் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல எரிந்துகொண்டிருந்தது.

நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தருவதும் அந்தப் பின் பல்புதான். அதை மட்டும் அணைக்கிறதுக்கு ஒரு சுவிட்ச் என்றால் என்ன அர்த்தம்? பின்னால் வருகிறவனுக்கு நம்பர் தெரியக்கூடாது. நம்பரை மறைக்கிறவன் யார்? சங்கிலி அறுக்கிறவன். சரக்குக் கடத்துகிறவன். இல்லை, எவள் வீட்டுக்காவது யாருக்கும் தெரியாமல் போய் வருகிறவன். அடப்பாவி, இதில் மாப்பிள்ளை எந்த ரகம்?

இத்தனைக்கும் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். மனைவியின் தங்கை கொண்டுவந்த வரன். அவர் லேசில் விட்டுவிடவில்லை. பையனின் ஆபீஸ் வாட்ச்மேன், முடிவெட்டுகிற கடைக்காரர், பழைய வீட்டுச் சொந்தக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வாயைப் பிடுங்கினார். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். அவ்வளவு விசாரித்தும் கோட்டை விட்டுவிட்டோமே என்று வயிறு எரிந்தது.

மாப்பிள்ளை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“மாப்பிள்ளை, இங்க ஒரு சுவிட்ச் இருக்கே. எதுக்கு?” டெஸ்டர் குரலில் பாலும் தேனும் வழிந்தன.

மாப்பிள்ளையின் கை துண்டோடு அப்படியே நின்றது. “எது மாமா? ஓ, அதுவா... அது முன்னாடி வண்டியை வச்சிருந்தவங்க போட்டிருப்பாங்க.”

“முன்னாடி வச்சிருந்தவங்களா?”

“ஆமா மாமா.”

“உங்க அப்பா புதுசா வாங்கின வண்டி, வேற கையே படலைன்னு பொண்ணு பார்க்க வந்தப்போ சொன்னீங்களே?”

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். “அப்பாவே போட்டிருக்கலாம்... சரியா ஞாபகமில்லை” என்று எதையோ மென்று விழுங்கினார். பிறகு போன் வந்த மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன் அடிக்கவே இல்லை. டெஸ்டருக்குத் தெரியாதா?

முடிவு பண்ணிவிட்டார். இதற்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் மகளை இந்த ஆளோடு திருப்பி அனுப்பப் போவதில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். பெற்றவளிடம் சொன்னார்.

“உங்களுக்குப் பைத்தியமா?” என்றாள் அவள். “ஒரு சுவிட்சை வச்சுப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுப்பீங்களா?”

“பொய் சொல்றான்டி. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றான்.”

அவள் கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போனாள். மற்ற நேரமாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். இவளும் எதையோ மறைக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

டெஸ்டர் மறுபடி சாக்கில் உட்கார்ந்தார். எப்போது போட்ட சுவிட்ச், பழசா புதுசா என்று தெரிந்துவிட்டால் மாப்பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். வயரைச் சேர்த்திருந்த இடத்தில் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார். டேப் புதுசு. ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல் இருக்காது. உள்ளே செம்புக்கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கி, அதன்மேல் தையல் நூலால் நெருக்க நெருக்கச் சுற்றி, நுனியை அடியில் செருகியிருந்தது.

‘பரவாயில்லையே, வேலை தெரிஞ்சவன்’ என்று முதலில் நினைத்தார்.

அடுத்த கணம் கை நின்றுவிட்டது. நூல் சுற்றுகிறவன் யார்? டெப்போவில் ஒருவனும் சுற்றமாட்டான். பஸ் குலுக்கலில் டேப் இளகிவிடும், நூல் இளகாது என்று அவர் மட்டும்தான் அப்படிக் கட்டுவார். ‘வயரிங் பண்றாரா, பூ கட்டுறாரா?’ என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அதே நூல் கட்டுத்தான் அவர் வீட்டில் ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தது ஒரே ஒரு ஆள்தான்.

“அம்மாடி, இங்க வா.”

மகள் வந்தாள். அவர் கையில் உரித்த வயரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“நான்தான்பா போட்டேன்.”

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ரெண்டு வருஷமாவே எங்களுக்குப் பழக்கம். சித்திகிட்டச் சொல்லி அந்த வரனைக் கொண்டுவர வச்சதே நான்தான். நீங்க விசாரிச்சுப் பார்த்து நல்ல பையன்னு சொன்னப்போ நான் உள்ள போய்ச் சிரிச்சேன்.”

டெஸ்டருக்கு வாட்ச்மேனும் முடிவெட்டுகிறவரும் வரிசையாக வந்து நின்று தன்னைப் பார்த்துப் பல்லிளிக்கிற மாதிரி இருந்தது. “அது சரி. சுவிட்ச் எதுக்கு?”

“சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல வந்து என்னை ஏத்திக்குவார். நீங்களும் அப்போ டெப்போல இருந்து அதே ரோட்டுலதானே வருவீங்க? பஸ்ல டிரைவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, முன்னாடி போற வண்டியில யாரு, என்னன்னு ஒண்ணு விடாமப் பார்த்துக்கிட்டே. நம்பர் கண்ணுல பட்டா மறுநாளே ஆளைப் பிடிச்சுடுவீங்க. அதான், துப்பட்டாவைத் தலையோட போட்டுக்கிட்டு, ரோட்டுல ஏறினதும் பின்னாடி லைட்டை அணைச்சுடுவோம். நம்ம தெருமுனை வர்ற வரைக்கும்.”

“இருட்டினப்புறமுமா?”

“இருட்டினப்புறம்தான்பா.”

அந்த ரோடு அவருக்கு உள்ளங்கை மாதிரி. லாரியும் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்துகிற ரோடு. பின் விளக்கு இல்லாத வண்டிகள் என்ன ஆகும் என்று டெப்போவில் வேலை பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸின் பம்பருக்கு அடியிலிருந்து அவற்றை இழுத்து எடுத்ததை அவரே பார்த்திருக்கிறார். ஒருவேளை அவர் உட்கார்ந்து வந்த பஸ்ஸாகவே இருந்திருந்தால்? திருட்டுத்தனம், ஏமாற்று, சித்தி, வரன் எல்லாம் மனசிலிருந்து ஓடியே போய்விட்டன. உள்ளே ஜன்னலோரம் மனைவியும் மாப்பிள்ளையும் நிற்பது தெரிந்தது. அவளுக்கும் எல்லாம் தெரியும் போலிருக்கிறது. அவளிடம் கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

“ஏன்டி, பின்னாடி ஒரு லாரி வந்து தட்டியிருந்தா என்னடி ஆகியிருக்கும்?” வயரைக் கீழே போட்டார். “கொஞ்சமாவது பயம் இருந்துச்சா உனக்கு?”

“லாரியைப் பத்தி நாங்க நினைக்கவே இல்லைப்பா” என்றாள் மகள். “பயமெல்லாம் உங்களை நினைச்சுத்தான்.”

அவள் பாதி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டெஸ்டருக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை.