நடக்காத வெள்ளி விழா

ஓர்லாவைக் கடைசியில் மாட்டிவிட்டது அவனுடைய நல்ல வளர்ப்புதான்.

பகலில் அவன் டென்மார்க்கின் ரான்டர்ஸ் நகரத்துக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தோல் வெட்டினான். மற்ற நேரங்களில், நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியரின் ரயில்கள் ஓடும் தண்டவாளத்துக்கு வெடி வைத்தான். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. சட்டதிட்டங்கள் மட்டும் உண்டு. அதில் முதலாவது, குழுவில் இருப்பவரைத் தெருவில் பார்த்தால் யாரோ எவரோ என்று போய்விட வேண்டும். தலைவர் கேட்டபோதெல்லாம் ஓர்லா இதைப் பிசகில்லாமல் ஒப்பித்திருக்கிறான்.

நாற்பத்தைந்தாம் வருடம், பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை காலை, சந்தைச் சதுக்கத்தில் அதே குழுவைச் சேர்ந்த தூரா எதிரே வந்தாள். கையில் உருளைக்கிழங்குக் கூடை. கிழங்குக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, சனிக்கிழமை வேலைக்கான டெட்டனேட்டர்கள், வெடியைக் கிளப்பிவிடும் குப்பிகள். இது ஓர்லாவுக்குத் தெரியும். ஆகவே அவன் குனிந்து தன் சைக்கிள் சங்கிலியை ஆராய்ந்தான். தூரா தேவாலயக் கோபுரத்தை அப்போதுதான் கட்டி முடித்ததுபோல் அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், போன வாரம் இருவரும் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பனியில் படுத்துக் கிடந்தபோது, தூரா தன் கறுப்பு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்திருந்தாள். டென்மார்க்கில் ஒருவர் கையால் சாப்பிட்டால், அடுத்த முறை அவரைப் பார்த்தவுடன் வாயிலிருந்து வரவேண்டிய முதல் பேச்சு அதற்கான நன்றி. சொல்லாதவன் மனிதனே இல்லை என்று நான்கு வயதிலிருந்து அம்மா அவன் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தலைவரின் சட்டத்துக்கு வயது எட்டு மாதம். அம்மாவின் கிள்ளலுக்கு இருபது வருடம்.

"போன தடவைக்கு ரொம்ப நன்றிங்க," என்றது ஓர்லாவின் வாய்.

தூராவின் முகத்தில் ஓடிய கெட்ட வார்த்தைகளை ஓர்லா ஒவ்வொன்றாகப் படித்தான்.

பக்கத்தில் நின்றவன் ஜெர்மன் சிப்பாயாக இருந்திருந்தால் இது காதிலேயே ஏறியிருக்காது. நின்றவன் வில்லும்சன். ஜெர்மானியரிடம் கூலிக்குச் சேர்ந்து கறுப்புச் சீருடை மாட்டிக்கொண்ட உள்ளூர்க்காரன். அவனையும் ஒரு டேனிஷ் அம்மா கிள்ளித்தான் வளர்த்திருந்தாள்.

"இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி நின்னீங்க," என்றான் வில்லும்சன். "இப்ப போன தடவைக்கு நன்றியா? போன தடவை எங்கப்பா?"

"வெள்ளி விழா," என்றான் ஓர்லா. வாய்க்கு அன்றைக்கு விடுமுறை இல்லை.

"யாரோடது?"

"எங்க அப்பா அம்மாவோடது," என்றாள் தூரா. "கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம். இதுல உங்களுக்கு என்ன வந்தது?"

"என்ன வந்ததுன்னு ஆபீஸ்ல பேசுவோம். கூடையும் வரட்டும்."

சதுக்கத்து ஓட்டல் ஒன்றின் மாடியைப் பிடுங்கி அவர்கள் ஆபீஸாக்கி வைத்திருந்தார்கள். வில்லும்சன் கூடையைத் தன் காலடியில் வைத்துக்கொண்டான். தூராவை வராந்தாவில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான்.

"நீ முதல்ல சொல்லு தம்பி. அப்புறம் உன்னைச் சுவத்தைப் பாத்து நிக்கவச்சுட்டு அவளைக் கேப்பேன். ஒரு வார்த்தை மாறுச்சுன்னா ரெண்டு பேரும் ஜெர்மன்காரங்க கிட்டப் போவீங்க. அங்க என்னை மாதிரி உக்காரவச்சுப் பேசமாட்டாங்க. என்ன சாப்பாடு?"

தூராவின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட ஓர்லாவுக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல், பிறந்ததிலிருந்து தான் உட்கார்ந்து நெளிந்த எல்லா வெள்ளி விழாக்களையும் கலக்கி ஒன்றாக்கினான்.

"உருண்டை போட்ட சூப். பன்றி வறுவல், சிவப்பு முட்டைக்கோஸ்."

"மேஜையில?"

"குட்டிக் குட்டிக் காகிதக் கொடி."

"யாரு பேசினது?"

"ஒரு மாமா. நிறுத்தவே இல்ல. சூப்பு ஆறிப்போச்சு."

"பாட்டு?"

"சொந்தக்காரங்க எழுதினது. பதினேழு சரணம். மெட்டுக்குள்ள வார்த்தை அடங்கல."

"யாராவது அழுதாங்களா?"

"அத்தை. யாரும் ஒண்ணும் சொல்லாமலே."

"காப்பி?"

"எல்லாரும் குடிக்கிற சிக்கரித் தண்ணிதாங்க. இப்ப நிஜக் காப்பி யார் வீட்டுல இருக்கு?"

ஓர்லா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தூரா உள்ளே அழைக்கப்பட்டாள். சுவரில் ஓட்டல்காரர் மாட்டியிருந்த கொம்பு மான் தலை, தன் கதையே பரவாயில்லை என்பதுபோல் அவனைப் பார்த்தது.

"சாப்பாடு என்னம்மா?"

"உருண்டை சூப்பு. அப்புறம் பன்றி வறுவல். வேற என்ன போடுவாங்க?"

"பேசினது?"

"எங்க மாமா. அவர் உக்கார்றதுக்குள்ள சூப்புல ஆடை படிஞ்சுபோச்சு."

"பாட்டு?"

"இருந்தது. மெட்டு ஒரு பக்கம் போச்சு, நாங்க ஒரு பக்கம் போனோம்."

"அழுதது யாரு?"

"அத்தை. அவங்க கொடியைப் பாத்தாலே அழுவாங்க."

வில்லும்சனின் பேனா ஓய்ந்தது. அவனும் வருடத்துக்கு ஆறு விருந்தில் அந்த மாமாவைக் கேட்டவன். இந்த நாட்டில் ஒரே ஒரு வெள்ளி விழாதான் இருக்கிறது. அதையே வீடு வீடாக நடத்துகிறார்கள். ஓர்லா மான் தலையைப் பார்த்துப் புன்னகை செய்யப் போனான்.

"காப்பி?"

"நல்ல காப்பி," என்றாள் தூரா. "கொட்டை அரைச்சுப் போட்டது."

ஓர்லாவின் புன்னகை பாதி வழியில் திரும்பிப் போனது. தூரா பொய் விருந்தில்கூடத் தன் வீட்டு மேஜையில் சிக்கரித் தண்ணி வைத்ததாகச் சொல்லச் சம்மதிக்கமாட்டாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. வில்லும்சன் எழுந்து ஓர்லாவின் பிடரியில் ஒரு தட்டு தட்டினான்.

"மாட்டினியா. சிக்கரின்னு சொன்னே. இவ நிஜத்தை உளறிட்டா." அவன் குரலில் சந்தோஷம் வழிந்தது. "சதுக்கத்துல தெரியாத மாதிரி நின்னது இதுக்குத்தானே? கள்ளச்சந்தைக் காப்பி. எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துச்சு."

பொய் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட போலீஸ்காரனுக்கு அதற்குமேல் உண்மை தேவைப்படுவதில்லை என்பதை ஓர்லா அன்றைக்குத்தான் அறிந்தான்.

"மிச்சம் எங்க? இதுலயா?" வில்லும்சன் குனிந்து கூடையிலிருந்து கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கத் தொடங்கினான். தூரா ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாவது மாடி. குதித்தால் கால் போகும்.

துணியின் ஓரம் தெரிந்தது.

"எங்க வீட்டுல," என்றான் ஓர்லா. "அம்மா கிட்ட. அரை கிலோ இருக்கும்."

வில்லும்சனின் கை கிழங்கோடு அந்தரத்தில் நின்றது. வராந்தாவில் மற்ற கறுப்புச் சட்டைக்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அரை கிலோவை அவர்களோடு பங்கு போட்டால் என்ன மிஞ்சும் என்று அவன் கண் கணக்குப் போட்டது. "மெதுவாப் பேசு," என்றான். கிழங்குகளைத் தானே மறுபடி கூடையில் போட்டான். "நீ கிளம்பும்மா. கிழங்கை எடுத்துக்கோ."

தூரா கூடையோடு போனாள். ஓடவில்லை, கிழங்கு விலை பற்றி முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

ஓர்லாவின் அம்மா கதவைத் திறந்தாள். அரை கிலோ காப்பி நிஜம்தான். ஜெர்மானியர் வந்த வருடம் வாங்கி, அவர்கள் போகிற நாளில் குடிப்பதற்காகப் படுக்கையறையில் தொப்பிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"வெள்ளி விழாக் காப்பி மிச்சம் இருக்காமே," என்றான் வில்லும்சன்.

"எந்த வெள்ளி விழா?"

வில்லும்சன் மெதுவாக ஓர்லா பக்கம் திரும்பினான்.

"தூரா வீட்டுதும்மா," என்றான் ஓர்லா. "அவ அப்பா அம்மாவுக்கு."

"தூரா யாரு?"

ஓர்லாவின் காது சிவந்தது. அம்மா அந்தக் காதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"பொண்ணு பாத்துட்டே," என்றாள். "அவங்க வீட்டு வெள்ளி விழாவுக்கும் போய் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்திருக்கே. பெத்தவளை ஒருத்தரும் கூப்பிடல. இதை எனக்கு இந்த ஆளு வந்துதான் சொல்லணும்."

"அம்மா..."

"நான் என்ன, நாலு பேர் நடுவுல சாப்பிடத் தெரியாதவளா? என்னைக் கூட்டிட்டுப் போனா உனக்கு அவமானமா?"

கண்ணீர் நிஜமாகவே வந்தது. வில்லும்சன் தொப்பியைக் கழற்றினான். அவன் அடித்து உதைத்துப் பழகியவன். விருந்துக்கு அழைக்கப்படாத ஒரு தாயின் முன்னால் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

"ஏன்டா தம்பி," என்றான் தாழ்ந்த குரலில், "நீ பண்ணது தப்புடா."

அம்மா எழுந்து போய்த் தொப்பிப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் மார்பில் திணித்தாள். "எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுல இனிமே எந்த நல்லதுக்குக் காப்பி போடப் போறேன்."

அவன் போனான். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அம்மா இரண்டு நாள் ஓர்லாவுடன் பேசவில்லை. உண்மையைச் சொல்லவும் அவனுக்கு அனுமதியில்லை.

சனிக்கிழமை மாலை, அதே பள்ளத்தில், தூரா கம்பிகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர்லா கோட்டுக்குள்ளிருந்து நாடா கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்தான்.

"என்ன இது?"

"வெள்ளிக் கேக் கரண்டி. எங்க அம்மா உங்க அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது. லேட்டானதுக்கு மன்னிக்கணுமாம். ஞாயித்துக்கிழமை அவங்களை வந்து பாக்கப்போறாங்களாம்."

தூரா பொட்டலத்தை வாங்கி இருட்டில் எடை பார்த்தாள்.

"எங்க அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள்.

தண்டவாளம் வானத்துக்குப் போனது. மண் பொழிந்து நிற்கும்வரை இருவரும் முகத்தைப் புதைத்துக் கிடந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்கா?" என்று கேட்டான் ஓர்லா.

"ஒரே தெருவுல நடக்கமாட்டாங்க. ஓடு."

அவன் ஓடினான். அம்மா விருந்தாளியாகப் புறப்பட இன்னும் ஒரு ராத்திரி இருந்தது.