ஆசனத்துச் சொல்

என் தம்பி செத்துக்கொண்டிருந்தான். அவன் பெற்ற ஒரே மகன் பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரக் கூடாது. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரியும்.

பேரரசின் கீழ் இந்த ஏரி நாட்டை நானூறு வருடமாக எங்கள் குடும்பம் ஆள்கிறது. வாள் பலத்தால் அல்ல. எங்கள் சபைக்கூடத்தில் ஒரு கல் ஆசனம் இருக்கிறது. எங்கள் வம்சத்தார் அதில் உட்கார்ந்து சொல்வது அப்படியே நிலைத்துவிடும். முதல் பாட்டனார் உட்கார்ந்து ‘நில்’ என்றார். ஏரியைத் தாங்குகிற சுவர் இன்றைக்கும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஆனால் ஆசனத்தில் சொன்ன ஏதாவது ஒரு சொல் மீறப்பட்டால் எல்லாச் சொல்லும் தளரும். சுவர் போகும், அதன் அடியில் இருக்கிற பன்னிரண்டு தெருவும் போகும். சொன்னவரே திரும்ப வாங்கவும் முடியாது. அடுத்து உட்காருகிறவர்தான் மாற்றலாம்.

அதனால் ஆசனம் ஏறும்போது பல்லுக்கு நடுவே ஒரு மரத்துண்டைக் கடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். வாய்க்கட்டை என்போம். தீர்ப்புச் சொல்ல மட்டும் எடுக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெக்கை நாளில் என் தம்பி தண்ணீர் குடிக்க அதை எடுத்தான். அந்த நேரம் பார்த்து மகன் வந்து, பேரரசரின் போருக்குப் போக மாட்டேன் என்றான். பேச்சு தடித்தது.

“இனிமே என் கண்ணு முன்னாடி வராதே!” என்று கத்திவிட்டான் தம்பி.

எந்த வீட்டில் அப்பன் இதைச் சொல்லவில்லை? காலையில் கத்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் “எங்கடி அவன்?” என்று தேடுவான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பையன் ஊரை விட்டுப் போகவும் மாட்டேன் என்றான். அப்பனுக்கு முன்னால் ஒரு காவலன் மணியடித்துக்கொண்டு நடப்பான். மணி கேட்டால் மகன் ஓடி ஒளிய வேண்டும். சமையல்காரி அதற்குப் ‘பூனை மணி’ என்று பேர் வைத்தாள். ஒருமுறை மாவுப் பானைக்குப் பின்னால் பதுங்கி, வெள்ளைவெளேரென்று எழுந்து வந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவனைத் தவிர. இரண்டாம் வருடம் தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு அவனை உள்ளே அழைத்துப் பார்த்தான். அன்றே ஏரிச் சுவரில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு விட்டது. அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

இப்போது வைத்தியர் என் காதருகே வந்து, “பொழுது சாயற வரைக்கும் தாங்காதும்மா” என்றார்.

கட்டிலில் இருந்து தம்பி கையை நீட்டினான். “அக்கா, ஒரே ஒரு தடவை. அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்.”

“நாக்க அடக்கத் தெரியல, இப்ப என்னடா கெஞ்சல்?” என்று சீறினேன். சாகக் கிடக்கிறவனிடம் பேசுகிற பேச்சா அது? என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

“ஆசனத்துல நீ உக்காரு அக்கா” என்றான்.

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கும் தெரியும், மூலையில் உட்கார்ந்திருந்த பேரரசின் எழுத்தருக்கும் தெரியும். பேரரசின் சட்டப்படி, ஆள்கிறவர் உயிரோடு இருக்கும்போதே ஆட்சி மோதிரத்தைத் தன் பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ முகம் பார்த்துப் போடலாம். மகன் முகத்தைப் பார்க்க வழியில்லை. மிச்சம் நான். எனக்குப் பிள்ளையும் இல்லை, வேறு கூடப்பிறந்தவர்களும் இல்லை. என்னிடமிருந்து தம்பி மகனுக்குப் போகச் சட்டத்தில் இடமில்லை. நான் வாங்கினால் வம்சத்தின் ஆட்சி என்னோடு முடிந்தது. எனக்குப் பின் பேரரசர் ஆள் அனுப்புவார். ஆசனத்துச் சொல்லும் பேரரசின் சட்டத்தை அசைக்காது. நான் சும்மா இருந்தால் போதும், தம்பி கண்ணை மூடியதும் மகன் தானாக ஆசனம் ஏறிவிடுவான்.

கதவுக்கு வெளியே போனேன். பையன் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

“நானூறு வருஷம்டா. பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் உனக்கு வந்துடும். பல்லக் கடிச்சுக்கோ.”

“அந்தக் கல்லுதான் அத்தை எங்கப்பாவ என்கிட்டேருந்து பிடுங்குச்சு. அதையே எனக்குக் குடுக்கப் பாக்கறீங்களா?” அவன் குரல் உடைந்தது. “எனக்கு எங்கப்பாவப் பாக்கணும்.”

இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. ஐந்து வயதுக் குழந்தை மாதிரி கேட்டான். நானூறு வருடமாவது, மண்ணாங்கட்டியாவது என்று தோன்றிவிட்டது எனக்கு. உள்ளே திரும்பிப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யோசிச்சுச் செய்யுங்கம்மா, எழுதிட்டா அழிக்க முடியாது” என்றார் எழுத்தர்.

“எழுதுய்யா!” என்றேன்.

தம்பியின் விரல் வீங்கியிருந்தது, மோதிரம் வரவில்லை. வைத்தியர் எண்ணெய் தடவினார். திருகினார். தம்பி வலியில் முனகிக்கொண்டே, “இழுங்க, இழுங்க” என்றான். தோலோடு வந்தது. என் சுண்டு விரலில்தான் நுழைந்தது. போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“கட்டைய மட்டும் எடுத்துடாதே அக்கா. உன் வாய் என் வாய விட மோசம்.”

“போடா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

புதிதாக ஆசனம் ஏறியவர் அன்று பொழுது சாயும்வரை இறங்கக் கூடாது. தெரிந்துதான் ஏறினேன். எழுத்தரும் பின்னாலேயே வந்து ஆசனத்தருகே உட்கார்ந்தார். வாய்க்கட்டையை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். “என் தம்பி மகன் அவங்கப்பன் கண்ணு முன்னாடி வரலாம்.”

காலடிகள் ஓடின. சபைக்கூடத்துக்கும் தம்பியின் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பிறகு தம்பியின் குரல் கேட்டது.

“எளைச்சுட்டியேடா.”

பையன் ஓவென்று அழுதான். தம்பி அவனை என்னென்னவோ கேட்டான், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டான். அப்புறம் இழுப்பு ஆரம்பித்தது. “தலையத் தூக்கிப் பிடிங்க!” என்று வைத்தியர் கத்தினார். பையன் “அப்பா, அப்பா” என்றான்.

எடுத்த கட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது, வாய் திறந்திருந்தது. ‘போகாதேடா’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் சொன்னால் அவன் போக மாட்டான். ஆனால் ஆசனத்துச் சொல் எதையும் நிறுத்தி வைக்குமே தவிர, குணமாக்காது. அந்த இழுப்போடு, அந்தக் கட்டிலில், நான் இருக்கிற காலம் வரை கிடப்பான். என்னைத் தடுக்க எழுத்தர் பாதி எழுந்துவிட்டார். கட்டையை வாயில் திணித்துக் கடித்தேன். பல் ஒன்று உடைந்தது, விடவில்லை. ஊரில் எந்த அக்காளும் தம்பியைப் பறிகொடுக்கும்போது வாய்விட்டுக் கதறுவாள். நான் மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் இறங்கிப் போனேன். தம்பியின் கண் திறந்தபடியே இருந்தது. மூடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். பையன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“இருங்க அத்தை” என்றான். “இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்.”