கார்ட் பெட்டியின் வலப்பக்கம்

குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்ற இராஜேந்திரன், கைபேசியில் வந்த படத்தை இன்னொரு முறை பெருப்பித்துப் பார்த்தார். படம் மாறவில்லை.

பழைய ரயில் படங்களைச் சேர்க்கும் நோர்பரி நண்பர் ஒருவர் காலையில் அதை அனுப்பியிருந்தார். சரக்கு ரயிலின் கடைசியில் கார்ட் நின்று பிரேக் பிடிக்கிற பெட்டி. அதன் வலப்பக்கம் தெரிகிற படம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அதுவரை இராஜேந்திரனுக்குத் தெரியாது. அதில், ஏறுகிறவர் பிடிக்கும் இரும்புக் கைப்பிடி கதவை ஒட்டி இருந்தது. இராஜேந்திரன் செய்த மாதிரிப் பெட்டியிலோ அது மூன்று மில்லிமீற்றர் தள்ளி இருந்தது.

நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவில் மூன்று மில்லிமீற்றர் ஒரு பொருட்டில்லை. ஆனால் இல்ஃபோர்டுக்கு அப்பால் பழைய சரக்குக் கொட்டகையில், அந்த மாதிரியைப் பார்த்து நிஜப் பெட்டியையே புதுப்பித்துவிட்டார்கள். அங்கே அது பதின்மூன்று சென்டிமீற்றர். பெட்டியின் சட்டமும் தூண்களும் பழையவை, பலகைகள்தான் புதியவை. கைப்பிடி இப்போது தூணில் இல்லை, வெறும் பலகையில் நின்றது. பதினொரு மணிக்கு முதல் ஓட்டம். இன்று கார்டாகப் போகும் லலிதா அந்தக் கைப்பிடியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு வருவாள்.

ஆண்டவன் இரண்டு மாதத்துக்கு முன்பே அவரிடம் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தான். டென்மார்க்கில் தச்சுவேலை பழகி லண்டனுக்கு வந்து, அந்தப் பெட்டியைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஜெனோசன் போன் எடுத்துக் கேட்டான்: “அண்ணை, நீங்கள் காட்டின இடத்திலை உள்ளுக்குத் தூண் இல்லை. படம் பாத்துத்தானே செய்தனீங்கள்?”

அந்தக் கிழமைதான் மாதிரிப் பெட்டிக்கு முதற்பரிசு கிடைத்திருந்தது. “ஓம், பாத்துத்தான் செய்தனான்,” என்றார் இராஜேந்திரன். பார்த்தது இடப்பக்கத்தை மட்டும். வலப்பக்கம் அவருடைய ஊகம்.

ரயிலில் ஏறியதும் ஜெனோசனுக்குப் போன் அடித்தார். அவன் எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்திருக்கலாம். எடுக்காததில் மனம் கொஞ்சம் ஆறுதல்பட்டதை உணர்ந்து அவருக்கே வெட்கமாக இருந்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது. மடியில் மனைவி சிவமலர் எல்லாருக்குமாகச் சுட்டுத் தந்த வடைப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

கொட்டகையை அடையும்போது பத்தே முக்கால். வாசலில் ஒரு மேசை. அதன்மேல் கண்ணாடிக்குள் அவருடைய மாதிரி. பக்கத்தில் அட்டை: ‘இராஜேந்திரன் அவர்களின் துல்லியமான மாதிரியைப் பின்பற்றி’.

“வாங்கோ, வாங்கோ!” ஜெனோசன் அவர் தோளைப் பிடித்துக் கமராக்காரர்கள் பக்கம் திருப்பினான். “உவர் இல்லாட்டி இந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம்தான் இருந்திருக்கும்!”

எல்லாரும் கைதட்டினார்கள்.

லலிதா கார்ட் தொப்பியோடு நின்றாள். பஸ் ஓட்டுகிற வேலைக்கு நடுவே ஒரு வருடம் பயிற்சி எடுத்து, இன்று முதன்முறையாகக் கொடி பிடிக்கிறாள். அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, மற்றப் பக்கத்தாலை ஏறுமன்.”

“ஏன் அண்ணை? கமரா எல்லாம் இஞ்சாலதான் நிக்குது. உங்கடை கைப்பிடியிலை தொங்காட்டிப் பிறகு நீங்கள்தான் கோவிப்பியள்.”

“இல்லைப் பிள்ளை, அது வந்து...”

எஞ்சின் ஊதியது. லலிதா சிரித்தபடி விசிலை வாயில் வைத்துப் பச்சைக் கொடியை உயர்த்தினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மெல்ல நகர்ந்தது. அவள் இடக்கால் மிதிபலகையில் ஏறியது. கை கைப்பிடியை நோக்கி நீண்டது.

“முருகா!” என்று மனதுக்குள் கூப்பிட்டார். வாயில் வந்தது வேறு. “பிடியாதை! லலிதா, நிப்பாட்டு!”

அவள் ஏனென்று கேட்கவில்லை. காலைத் தரையில் வைத்தாள். அதே மூச்சில் சிவப்புக் கொடியை விரித்தாள். பிரேக்குகள் கிறீச்சிட்டன. கார்ட் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், காரணம் பிறகு.

காரணம் கேட்க எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. இராஜேந்திரன் வடைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“உந்தக் கைப்பிடி பிழையான இடத்திலை இருக்கு. இந்தப் பக்கத்தின்ரை படம் நான் பாக்கேல்லை. ஊகத்திலை செய்தனான்.”

ஜெனோசன் போய்க் கைப்பிடியை இரு கையாலும் பற்றி, உடம்பைப் பின்னே சாய்த்தான். பலகை முனகியது. மேல் திருகாணிகள் சிராயோடு பிய்த்துக்கொண்டு வந்தன.

“நான் கேட்டனான்தானே, அண்ணை.”

“ஓம். நீ கேட்டனீ. நான் பொய் சொன்னனான்.”

அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், இராஜேந்திரன் இன்னும் நெஞ்சோடு அணைத்திருந்த வடைப் பெட்டியைக் கண்டான். பிய்ந்த பலகையைத் தடவிப் பார்த்தான்.

“பாதிப் பிழை என்ரை. தூண் இல்லை எண்டு என்ரை கண்ணாலை கண்டிட்டுத்தானே துளைச்சனான்.” இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி நீட்டினான். “சரி, படத்தை எடுங்கோ. இந்த முறை நீங்கள் அளவுங்கோ.”

அந்த ஒரு வசனத்தைவிடப் பெரிய மன்னிப்பை இராஜேந்திரன் எந்தக் கோயிலிலும் பெற்றதில்லை.

வந்தவர்களை லலிதா சமாளித்தாள். “இடைவேளை! வடை இருக்கு!” என்று ஆங்கிலத்தில் கூவினாள். திரும்பும்போது இராஜேந்திரனின் காதருகே, “என்னை விழுத்தப் பாத்தியள், அண்ணை. அதுக்கு ரெண்டு வடை எனக்கு,” என்றாள்.

கதவோரம் அளந்த இடத்தில் துளையிட்டபோது கெட்டியான பழைய தூண் தட்டுப்பட்டது. கைப்பிடி ஏறியது. இராஜேந்திரன் மேசைக்குப் போய், அட்டையில் ‘துல்லியமான’ என்ற சொல்லைப் பேனாவால் வெட்டினார். கீழே, ‘வலப்பக்கம் ஊகம், பிழை’ என்று எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெனோசன் கூப்பிட்டான். “முதலிலை நீங்கள் தொங்குங்கோ.”

அவர் மிதிபலகையில் ஏறி, கண்ணை மூடி, தன் முழுப் பாரத்தையும் அந்த இரும்பில் விட்டார். அது அசையவில்லை.

“காணும் அண்ணை, இறங்குங்கோ,” என்றாள் லலிதா, பச்சைக் கொடியை எடுத்தபடி. “என்ரை வண்டி பிந்துது.”