வேலியோரத்து மூக்கு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் சும்மா வரவில்லை. நிலையத்து நாற்றம் ஊருக்குள் போகக்கூடாது என்பது தண்ணீர் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. அதனால் தினமும் காலையில் ஒருவர் வேலியைச் சுற்றி நடந்து, மோந்து பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் எழுத வேண்டும். மூன்றைத் தாண்டினால் ஆணையத்துக்குத் தகவல் போயாக வேண்டும். இருபது வருடமாக அந்த வேலை மூக்கருடையது.

இதில் ஒரே ஒரு சிக்கல். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் மூக்கருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. ரோஜாவும் சாக்கடையும் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் சேற்றுத் தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள் என்று பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

ஆனாலும் வேலை ஜாம்ஜாம் என்று நடந்தது. எல்லாம் கேட் வாட்ச்மேன் முகத்தின் புண்ணியம். "சும்மா ஒரு நடை போயிட்டு வருவோம் வா தம்பி" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். பேச்சு வீட்டு விஷயமாக இருக்கும், கண் மட்டும் நாலடி தள்ளியே நடக்கும் அவன் முகத்தில் இருக்கும். புருவம் சுருங்கினால் இரண்டு. மேலுதடு ஏறினால் மூன்று. பேச்சு நின்று கை மூக்குக்குப் போனால் நான்கு. ஆணையத்தின் கருவி மாதம் ஒருமுறை வந்து அளந்தபோதெல்லாம் மூக்கர் எழுதியதில் இம்மி பிசகியதில்லை.

ஆணையத்துக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியாது. கருவியைச் சரிபார்ப்பதுபோல மூக்கையும் சரிபார்க்க வேண்டும் என்று புது விதி போட்டார்கள். ஒரு பெண் அதிகாரி பெட்டியோடு வந்து இறங்கினார். மூடிய அறை, மேஜைமேல் ஆறு பாட்டில். வேறு யாருக்கும் அனுமதி இல்லை.

வாட்ச்மேன் இல்லாமல் என்ன மதிப்பெண் சொல்வது என்று மூக்கர் முழித்தார். பிறகுதான் உறைத்தது. அதிகாரிக்கும் முகம் என்று ஒன்று இருக்கிறதே.

"நீங்களே மூடியத் திறங்க மேடம்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு நாற்காலியை நன்றாக அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பாட்டிலுக்கே அதிகாரியின் மேலுதடு ஏறியது.

"மூணு" என்றார் மூக்கர்.

இன்னும் கொஞ்சம் நெருங்கினார். இரண்டாவதுக்குக் கை மூக்குக்குப் போனது. "நாலு." அடுத்த மூன்றுக்கும் கை இறங்கவே இல்லை, அவையும் நாலு. ஆறாவதுக்கு அதிகாரி எழுந்துபோய் ஜன்னலையே திறந்துவிட்டார். "சந்தேகமே இல்ல மேடம். அஞ்சு."

அதிகாரி தாளைப் பார்த்தார், மூக்கரைப் பார்த்தார். "ஐயா, இதுல அஞ்சு பாட்டில் வெறும் குடிதண்ணி."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே" என்று வாய் தவறி வந்துவிட்டது. அப்புறம் மறைத்து என்ன பயன்? காய்ச்சல், வாட்ச்மேன், புருவக் கணக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. என் மூஞ்சி கோணினது பாட்டிலால இல்ல. உங்களால."

மூக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பெல்லாம் வேலை முடிந்தால் நாற்றம் போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். காய்ச்சலுக்குப் பிறகு தேய்க்கும் முன்பே நாற்றம் போயிருந்தது. அதனால் சோப்பும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆணையத்து நியாயம் அன்றைக்கே நடந்தது. மோந்து பார்க்கும் வேலைக்கான சான்றிதழ் வாட்ச்மேனுக்குப் போனது, வாட்ச்மேனின் நாற்காலி மூக்கருக்கு வந்தது. கேட்டைத் திறக்க மூக்கு வேண்டியதில்லை. சேற்றுத் தொட்டி தப்பியதே பெரிது. ஆனால் அவருக்கு அந்தச் சந்தோஷம்கூட ஒட்டவில்லை.

மாலையில் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பெண்டாட்டி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"நான் நாறுறேனா?"

"ஆமா" என்றாள், கத்தியை நிறுத்தாமல்.

"மூணு வருஷமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, உங்க மூக்கு போனது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அத மறைக்கத்தானே அந்தப் பாடு பட்டீங்க."

மூக்கர் அவள் முகத்தைப் பார்த்தார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், பக்கத்தில் படுத்தவள். ஒரு நாளாவது அந்தப் புருவம் சுருங்கியதா, அந்த உதடு ஏறியதா? யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியம் பொங்கியது.

"எத்தனை மார்க் போடுவே?" என்றார் மெதுவாக.

"நாலரை. முதல்ல போய்க் குளிங்க" என்றவள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவர் எதிரிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.