கடிகாரக்காரர் சரிசெய்த வில்

டெய்லரம்மாவுக்கு மூன்று வருடமாக ஒரே ஆசை: வில்வித்தைக் கிளப்பின் அணியில் ஓர் இடம். அணியில் நான்கு பேர் ஆணி அடித்தமாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது இடம் ஒவ்வொரு முறையும் மயிரிழையில் கைநழுவித் தபால்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருடமும் போட்டி அவரோடுதான்.

இந்த நேரம் பார்த்து அவள் கணவர் வில்லில் கை வைத்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். சுவர்க் கடிகாரம் அரை நிமிடம் பின்தங்கினால், விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலி கேட்டு ஏறுகிற மனுஷன்.

"உன் கையில குறை இல்லம்மா. வில்லும் அம்பும்தான் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. ஒரு வாரம் குடு."

புத்தி கெட்டுப்போய்க் கொடுத்தாள். தினமும் காலையில் தையற்கடைக்குப் பின்னால் இருந்த நீளச் சந்தில், இறகு ஒட்டாத அம்பை எய்யச் சொன்னார். இறகு அம்பின் குற்றத்தை மறைத்துவிடுமாம், மொட்டை அம்புதான் உள்ளதைச் சொல்லுமாம். அம்பு துள்ளிக்கொண்டு போனபோது, நாணில் அது பொருந்தும் இடத்து நூல்சுற்றை இம்மியளவு உயர்த்தினார். துள்ளல் அடங்கியது. ஆனால் இடப்பக்கம் ஓடுவது மட்டும் நிற்கவில்லை. அம்பின் மரத்தண்டு விறைப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டி, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் நாணை இழுக்கும்போது தோளுக்குப் பின்னால் நோட்டோடு வந்து நிற்பார். அம்பு கையைவிட்டுக் கிளம்பும் முன்பே பென்சில் கறகறவென்று எழுதத் தொடங்கிவிடும்.

"விடறதுக்கு முன்னாடியே என்னத்த எழுதறீங்க?"

"தேதி."

பல்லைக் கடித்துக்கொண்டு எய்தாள். ஏழாம் நாள் மொட்டை அம்பு நட்டநடுவில் குத்தி நின்றது. ஆறு அம்புகளையும் அதே அளவுக்குத் தேய்த்து இறகு ஒட்டிக் கொடுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

தேர்வு நாளில் தபால்காரர் முதலில் எய்து, ஆறு அம்புக்கு நாற்பத்தொன்று எடுத்தார். பிறகு டெய்லரம்மா கோட்டில் நின்றாள். கணவர் தூரத்தில், பார்வையாளர் பெஞ்சில். பின்னால் சத்தமில்லை, மனதில் அப்படி ஒரு நிம்மதி. நாண் விரலைவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. அம்போ வலப்பக்கம் ஓடியது. ஐந்து. அடுத்ததும் வலப்பக்கம்தான். ஆறு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு வாரமாக எரிச்சலில் நாணை வெடுக்கென்று பிடுங்கியல்லவா விட்டிருக்கிறாள்! மனுஷன் அந்த வெடுக்குக்கு அளவெடுத்து அம்பைத் தேய்த்து வைத்திருக்கிறார். தேய்ந்த மரத்தை இனி ஒட்டவா முடியும்? வேண்டுமென்றே வெடுக்கென்று விட்டுப் பார்த்தாள். வரவழைத்த கோபம் அம்பிடம் எடுபடவில்லை. நாலு.

மீதி மூன்று அம்பில் இருபத்தேழு எடுத்தால்தான் இடம். நடுவரிடம் போனாள்.

"உதவிக்கு ஒருத்தர் பின்னால நிக்கலாம்தானே?"

"நிக்கலாம். வாயத் திறக்கக் கூடாது."

"திறக்க வேண்டாம். நோட்டு மட்டும் இருந்தா போதும்."

கணவர் பதறியடித்து ஓடிவந்தார். அவள் நாணை இழுத்தாள். கறகற. எரிச்சல் சுர்ரென்று ஏறியது. பத்து! அடுத்தது எட்டு. கடைசி அம்புக்கு அவர் பென்சிலைச் சீவவே ஆரம்பித்துவிட்டார். ஒன்பது.

நாற்பத்திரண்டு. தபால்காரர் பெருந்தன்மையாகக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியா நம்ம வேலைய!" என்று கணவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அவள் உள்ளதைச் சொன்னாள். மனுஷன் முகம் சுருங்கிப்போனது. பாவம், ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. அம்பு இப்படியே இருக்கட்டும். வெளியூர்ப் போட்டிக்குக் கடைய மூடிட்டு நீங்களும் வாங்க."

"எத்தன நாளு?"

"நாலு."

"நாலு நாளும் உனக்கு எரிச்சல் வர்ற மாதிரி நடந்துக்கணுமா?" என்றார் கவலையாக.

"அதுக்குன்னு நீங்க தனியா எதுவும் செய்ய வேண்டாம்," என்றாள் டெய்லரம்மா. "சும்மா கூட வந்தா போதும்."